இளவேனிற் சந்தையும் இல்லத்துச் சிக்கனமும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். மேலைநாட்டார் வசந்தமென்று கொண்டாடுவது பனி உருகிப் புல் தளிர்க்கும் காலத்தை. நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ உருகுவதற்குப் பனியுமில்லை, பெருகுவதற்கு வற்றாத ஆறுமில்லை. இங்கே இளவேனில் வந்ததை அறிய விரும்புவோர் விடியற்காலையிலே முற்றத்தைப் பார்த்தாற் போதும். முதல்நாள் மாலை கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்திலே இரவோடிரவாக வேப்பம்பூ உதிர்ந்து, வெள்ளைத் துணி விரித்தாற்போலக் கிடக்கும். மாமரத்தின் கீழே காற்றுக்கு விழுந்த பிஞ்சுகள் சிதறியிருக்கும். எங்கோ ஒரு வேலிக்கப்பால் குயில் கூவும்.

குயிலைப் பற்றிப் பாடுவதற்குப் புலவர்கள் இருக்கின்றார்கள். இல்லத்தரசிக்கு இக்காலம் வேறொரு வகையிலே கருத்துக்குரியது. ஆண்டின் பெருஞ்செலவும் பெருமலிவும் கைகோத்துக்கொண்டு அவள் வாயிலிலே வந்து நிற்பது இப்பொழுதுதான். புத்தாண்டு செலவைக் கொண்டுவருகின்றது. சந்தை மலிவைக் கொண்டுவருகின்றது. இவ்விரண்டிலே எதற்கு முதலில் கதவைத் திறக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அடுத்த மார்கழிவரை அவ்வீட்டின் அடுப்பங்கரை அமைதியாக இருப்பதும் இல்லாதிருப்பதும்.

மலிவு எங்கிருந்து வருகின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாதங்களிலேயே கிடைக்கின்றது. அம்மழையை நம்பி விதைத்த நெல் தை, மாசியிலே அறுவடையாகி வீடு சேர்கின்றது. பெய்த நீரிலே ஒரு பங்கைச் சுண்ணாம்புக் கற்பாறை தன் வயிற்றிலே தேக்கிவைத்துக் கிணறுகளுக்கு ஊட்டுகின்றது. அக்கிணற்று நீரை இறைத்து வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டக்காரர் செய்த சின்ன வெங்காயம் மாசி, பங்குனியிலே பிடுங்கப்படுகின்றது. மிளகாய்ச் செடிகள் காய்க்கத் தொடங்குகின்றன. இவற்றோடு, காசு கொடாமலே கிடைக்கும் பண்டமொன்றும் இருக்கின்றது. அதுதான் வெயில். மழைக்கு அஞ்சாமல் நாலு நாள் தொடர்ந்து ஒரு பொருளைக் காயவைக்கலாம் என்ற நம்பிக்கை கார்த்திகையிலே எவருக்கு உண்டு?

இனிச் சந்தைக்குப் போவோம். சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம், சங்கானை, அச்சுவேலி, நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம் என ஒவ்வொரு பகுதியாருக்கும் ஒரு சந்தை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் உண்டு. தென்மராட்சியின் தேங்காயும் மாங்காயும் பலாப்பழமும் வேண்டுவோர் கொடிகாமத்துக்கும் சாவகச்சேரிக்கும் போவார்கள். மட்டுவிற் கத்தரிக்காயின் பெயரைச் சொன்னால் அயலூரிலும் விலை கூடும். நீர்வேலி வாழைக்குலைக்கும் அத்தகைய பெருமை உண்டு. சந்தையை அறிந்தவள் இப்பெயர்களுக்கு மயங்குவதில்லை. பெயருள்ள பொருள் பெருகி வந்து குவியும் நாள் எதுவென்று பார்த்திருந்து அன்றைக்கு வாங்குகின்றாள்.

நம்மிலே பலர் வீட்டிலிருந்து புறப்படும்போதே இன்றைக்கு இன்ன கறி என்று முடிவுசெய்துகொண்டு போகின்றோம். பிறகு அக்காய் அன்று அருமையாயிருந்தால் விற்பவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, "அறா விலை" என்று வழிநெடுகப் புலம்பிக்கொண்டு திரும்புகின்றோம். பழைய தலைமுறையார் செய்தது இதற்கு நேர்மாறானது. அவர்கள் வெறும் பையோடு சந்தையை ஒருமுறை முழுவதும் சுற்றி வருவார்கள். எது குவிந்து கிடக்கின்றதோ அதைக் கண்டபிறகே கறியை நிச்சயிப்பார்கள். பயிற்றங்காய் மலிந்தால் அன்று பயிற்றங்காய். பூசணி மலிந்தால் பூசணி. வீட்டிலுள்ளோர் முகஞ்சுளித்தால் அது சமைப்பவரின் கைத்திறனைப் பற்றிய வேறு கதை.

மலிவு என்பதிலும் ஒரு பொறி உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கட்டும். வெங்காயம் கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் 180 ரூபாவுக்குக் கொடுக்கின்றார்கள் என்று ஆசைப்பட்டு 5 கிலோ வாங்கினோம். 900 ரூபா கொடுத்தோம். ஈரங்காயாத வெங்காயமாதலால் ஒரு கிலோ அழுகிப்போயிற்று. மிஞ்சிய 4 கிலோவுக்கும் கொடுத்த விலை கிலோவுக்கு 225 ரூபா ஆகின்றது. 20 ரூபா இலாபம் தேடிப்போய் 25 ரூபா நட்டம்! ஆகவே வெங்காயம் வாங்கும்போது அதன் கழுத்தை விரலால் நசுக்கிப் பாருங்கள். கழுத்து உலர்ந்து இறுகியிருந்தால் பல மாதம் இருக்கும். நெகிழ்ந்தால் அன்றாடக் கறிக்கு மட்டுமே ஆகும். தாளோடு கூடிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கொட்டிலிலே நிலம்படாமல் தூக்கிவிடுவது நம் தோட்டக்காரரின் வழக்கம். நகரத்து வீட்டார் சமையலறையின் மூலையிலே சாக்கோடு போட்டு வைப்பதும் பின்னர் மூக்கைப் பொத்துவதும் வேறொரு வழக்கம்.

மொத்தமாக வாங்குவதற்குக் கையிலே காசு போதாதென்றால் அயலிலுள்ள மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூடையை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பேரம் பேசுவதைப் பற்றியும் ஒரு சொல். பெரிய கடையிலே குளிரூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு ஒட்டிய விலையை வாய்திறவாமற் கொடுக்கின்றோம். வெயிலிலே சாக்கு விரித்து நாலு கட்டுக் கீரையோடு இருக்கும் முதியவளிடம், "இதென்னணை ஆச்சி, இவ்வளவு விலை சொல்லுறாய்?" என்று ஐந்து ரூபாவுக்கு மல்லுக்கட்டுகின்றோம். அவளும் ஒரு வீட்டின் சிக்கனத்தை நடத்துகின்றவள் அன்றோ? அவளிடம் குறைத்த ஐந்து ரூபாவைச் சேமிப்பென்று கணக்கெழுதுவதற்கு எமக்கு மனம் ஒப்பவில்லை.

சந்தையிலே வாங்கியது பாதி வேலை. மீதி வேலை முற்றத்திலே இருக்கின்றது. இளவேனிலின் உண்மையான செல்வம் பாயிலும் சுளகிலும் காய்கின்ற பொருள்களேயாம்.

முதலிலே வேப்பம்பூ வடகம். மாலையிலே மரத்தின்கீழ்க் கூட்டி, பழைய சேலையொன்றை விரித்துவிட்டால் காலையிலே மண்படாத பூக் கிடைக்கும். அதைப் புடைத்துக் காம்பும் தூசும் நீக்கி ஒரு வெயில் காட்ட வேண்டும். உழுந்தை ஊறவைத்துத் தோல் களைந்து, நீர் அதிகம் விடாமற் கரகரப்பாக அரைத்து, அதனுடன் பூவையும் சிறிதாக அரிந்த சின்ன வெங்காயம், செத்தல் மிளகாய்த் துண்டுகள், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், அளவான உப்பு என்பனவற்றையும் சேர்த்துப் பிசைய வேண்டும். சிறு வடைகளாகத் தட்டி, உள்ளீரம் வற்றும்வரை மூன்று நான்கு நாள் நல்ல வெயிலிலே காயவிட வேண்டும். உடைத்தால் 'படக்'கென்று ஓசை எழுந்தாற் போத்தலில் இடலாம். மழைநாளிலே மீனுமில்லை மரக்கறியுமில்லை என்ற வேளையில், ஆறு வடகத்தைப் பொரித்துச் சோற்றோடு வைத்தால் ஒரு குடும்பத்துக்கு அன்றைய பாடு தீர்ந்தது. உழுந்துக்கு விலை உண்டு, பூவுக்கு விலையில்லை. எனினும் பூவில்லாத வடகத்தைக் கடையிலே நாம் விலைகொடுத்து வாங்குகின்றோம்!

மோர்மிளகாய்க்குச் சற்றுப் பருத்த பச்சை மிளகாய் ஏற்றது. காம்பை நீக்காமல் நுனியிலே கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பகலில் மிளகாயை மட்டும் எடுத்து உலர்த்தி, மாலையில் மறுபடியும் அதே மோரில் இட வேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும்வரை இவ்வாறு செய்து, பின்னர் சருகாகக் காயவிட வேண்டும். இதிலே அவசரப்படுவோர் பூஞ்சணம் பிடித்த மிளகாயை ஆனி மாதத்திலே குப்பையிற் கொட்டுவார்கள். பாகற்காய், கத்தரிக்காய் வற்றல்களும், காற்றுக்கு விழுந்த மாங்காயை அரிந்து உப்பிட்டு உலர்த்துவதும் பலர் அறிந்தவையாதலால் விரிக்கவில்லை.

ஆண்டுக்கு வேண்டிய கறித்தூளையும் இக்காலத்திலேயே இடித்து வைப்பது பல வீடுகளில் வழக்கமாயிருந்தது. செத்தல் மிளகாயும் மல்லியும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை அவரவர் கைப்பக்குவம். ஒவ்வொன்றையும் வேறுவேறாக வறுத்து ஆறவிட்டு இடித்தால் மணம் நெடுநாள் நிற்கும். இன்று உரலும் உலக்கையும் அநேக வீடுகளில் ஓய்ந்துவிட்டன. மில்லிலே கொடுத்து அரைப்பதிலே குற்றமில்லை. வறுவலை மட்டும் பிறர் கையில் ஒப்படைக்காதீர்கள்.

பனையைச் சொல்லாமல் குடாநாட்டின் சிக்கனத்தைச் சொல்ல இயலாது. மாசியிலே கிழங்கு கிண்டி, அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். அவியாமற் காயவைத்தது ஒடியல். இரண்டும் இளவேனில் வருமுன்னரே பெட்டிக்குள் இருக்கும். ஒடியல்மாவிலே பிட்டு அவிக்கலாம். மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் இட்டுக் கூழ் காய்ச்சலாம். பின்னர் கருப்பநீர் வரும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய அந்நீரைப் பிளாவிலே வார்த்து, மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தவர்களுக்குப் போத்தலில் அடைத்த வண்ணத் தண்ணீரின்மேல் ஆசை எழாது. அதைத் தொடர்ந்து நுங்கு. 1978 இலே பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது இம்மரத்தின் பயனை நாடறியச் செய்வதற்கே. ஆயினும் வளவிலே நிற்கும் பனையின் பயனை வீட்டிலுள்ளோர் மறந்தால் எந்தச் சபைதான் என்ன செய்யும்?

இவையெல்லாம் பாட்டிமார் காலத்துப் பழங்கதை என்று இளைஞர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்குமுன் அண்மைக்கால வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும். 1990 இலே போர் மீண்டும் மூண்டபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து முதலியன தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து கையாளப்பட்டது. அக்காலத்திலே நம் வீடுகளில் தோன்றியதே 'சிக்கன விளக்கு'. வெறுமையான ஜாம் போத்தலின் அடியிலே சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சிறு திரியொன்றை நிறுத்திக் கொளுத்துவார்கள். போத்தலே சிமினியாகிக் காற்றை மறைக்கும். அவ்வொளியிலே படித்துப் பரீட்சைகளில் சித்தியெய்தியவர்கள் இன்று உலகெங்கும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் இருக்கின்றார்கள். சவர்க்காரம் அருமையானபோது பனம்பழத்தின் களியிலே துணி தோய்த்தார்கள். அவ்வாண்டுகளிலே கடைகள் கைவிட்ட வீடுகளைப் பெட்டிக்குள்ளிருந்த ஒடியலும் போத்தலுக்குள்ளிருந்த வடகமும் கைவிடவில்லை.

போர் ஓய்ந்து பதின்மூன்றாண்டின் பின், 2022 இலே இன்னொரு சோதனை வந்தது. நாட்டிடம் வெளிநாட்டுச் செலாவணி தீர்ந்தது. ரூபாவின் பெறுமதி சரிந்தது. எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை நின்றது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப்பொருள்களுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது என்பது இதன் பொருள். சம்பளம் அவ்வாறு ஏறவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வாயு அடுப்பு அணைந்தபோது, பாளையும் பனைமட்டையும் பொச்சும் கொண்டு விறகடுப்பு மூட்டத் தெரிந்த வீடுகள் தப்பிக்கொண்டன. தெரியாத வீடுகளில் இளம் மனைவியர் கண்ணீர் விட்டார்கள், புகையினால் மட்டுமன்று.

இனிப் புத்தாண்டுச் செலவுக்கு வருவோம். சித்திரை முதல்நாள் மருத்துநீர் வைத்து நீராடி, புத்தாடை உடுத்து, முற்றத்திலே பொங்கி, பெரியோரிடம் கைவிசேடம் பெறுவது நம் மரபு. அம்மரபிலே பெருஞ்செலவு எங்கேயும் இல்லை. மருத்துநீர் கோயிலிலே கிடைக்கின்றது. கைவிசேடம் வெற்றிலையில் வைத்த சிறு நாணயமாயினும் கைவிசேடமே. போர்த்தேங்காய் அடிக்கும் விளையாட்டை மட்டும், தேங்காய் விற்ற விலையை எண்ணிச் சற்று அளவோடு ஆடலாம். செலவு வருவது வேறு வழியால். "அடுத்த வீட்டிலே புதுக் குளிர்சாதனப் பெட்டி இறக்கிவிட்டார்கள்" என்ற செய்தியால் வருகின்றது. அடுத்த வீட்டிலே மகன் கனடாவில் இருப்பான். முன்னே மலாயாவிலிருந்து வந்த காசு கல்வீடுகளைக் கட்டியது. இப்பொழுது கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றது. அக்காசு வராத வீடு, வந்த வீட்டைப் பார்த்து வாழத் தொடங்கும்போது தவணைக் கடன் வாயிலுக்கு வருகின்றது.

2009 இலே போர் முடிந்தபின் வடக்கெங்கும் நுண்கடன் கொடுப்போர் கிராமங்களிலே கடைவிரித்தனர். கிழமைதோறும் வசூலுக்கு ஆள் வரும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். அதைக் கட்ட வேறொன்று. பெரும்பாலும் பெண்களே கையொப்பமிட்டார்கள், பெண்களே முகங்கொடுத்தார்கள். 2018 இலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் இத்தகைய கடன் பெற்ற பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலை முற்றியது. தொழிலுக்காகக் கடன் பெறுவதை நாம் பழிக்கவில்லை. ஒருநாட் கொண்டாட்டத்துக்கு வாங்கிய பொருளுக்கு ஐம்பது கிழமை பதில்சொல்வதையே வேண்டாமென்கின்றோம்.

வேறொரு வகைச் சிக்கனத்தையும் கண்டிக்காமல் விடமுடியாது. விலை ஏறியவுடன் பல வீடுகளில் முதலிலே குறைவது தாயின் கோப்பையிலுள்ள சோறு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மீன், தனக்குக் குழம்பு. கேட்டால், "எனக்குப் பசியில்லை" என்பாள். வீட்டாரும் அதை நம்பிவிடுவார்கள், நம்புவது சுகமாயிருக்கின்றதல்லவா? இது சேமிப்பன்று, உடம்பிலிருந்து எடுக்கும் கடன். இரத்தச் சோகையாய் அது வட்டியோடு திரும்பி வரும். முருங்கையிலை வேலியிலே இருக்கின்றது. அதை வறுத்தோ சுண்டியோ தேசிக்காய்ப் புளி விட்டு உண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். சோறுண்ட கையோடு தேநீர் குடிப்பது அச்சத்தைத் தடுக்கும் என்பதால், அதை ஒரு மணிநேரம் பின்போடுங்கள். நெத்தலிக் கருவாடு, பயறு, குரக்கன் ஆகியன பெரிய மீன் வாங்க முடியாத நாட்களுக்கு உதவுவன. எல்லாவற்றுக்கும் மேலாக, பகிர்ந்து பரிமாறும்போது தாயும் கூடவே உட்காரட்டும். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

புத்தாண்டை ஒட்டிப் பாடசாலைகளுக்கு விடுமுறை. மாணவ மாணவியருக்கு ஒரு வேலை தருகின்றோம். எழுதி மிச்சமாயிருக்கும் கொப்பியொன்றை எடுத்து வீட்டுக் கணக்கை ஒரு மாதம் எழுதுங்கள். அரிசி எத்தனை சுண்டு சென்றது, வெங்காயம் என்ன விலைக்கு எந்தச் சந்தையில் வாங்கியது, எது அழுகி எறியப்பட்டது என்று நாளும் குறியுங்கள். எறிந்ததற்குத் தனியாக ஒரு நிரல் வேண்டும். பெரியவர்கள் விரும்பாத நிரல் அதுவாகத்தான் இருக்கும். அடுத்த சித்திரையிலே அதே கொப்பியை விரித்தால், எந்தப் பொருள் எந்த மாதத்தில் மலிந்தது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். பிடியரிசி முட்டியையும் உங்கள் பொறுப்பிலே எடுத்துக்கொள்ளலாம். உலைவைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அதிலே இட்டு, மாதமுடிவில் அளந்து பாருங்கள்.

வைகாசி பிறந்து சோளகக் காற்று எழத் தொடங்கியதும் முற்றத்தில் மண்ணும் சருகும் பறக்கும். அதற்குமுன் வடகம், வற்றல், மிளகாய் எல்லாவற்றையும் இறுதியாக ஒரு வெயில் காட்டி, ஆறியபின் ஈரமில்லாத போத்தல்களில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெடும். கொழும்பிலோ கடல்கடந்தோ இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதைத் தனியே சுற்றி வையுங்கள். 1956 இலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் புகைவண்டி சுமந்து சென்ற வடகத்துக்கும் மோர்மிளகாய்க்கும் கணக்கேது! பாய்களைத் தட்டிச் சுருட்டி மூலையிலே நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் வெளியே விட்டு, அறையொன்றிலே வைக்கோல் பரப்பி அதன்மேல் விரியுங்கள். கறுத்தக்கொழும்பான் சந்தைக்கு வரும் காலம் நெருங்குகின்றது. முற்றி விளைந்த காயாக வாங்கி அப்பாயிலே ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினால், பழமாக வாங்குவதிலும் விலை குறைவு. நாளுக்கு நாலு பழமாகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.